பன்னிரண்டு காட்டிய பெட்டி

“கிளியம்மாக்கா தூங்கல சார். தூங்குறவங்க பேசுவாங்களா?” என்றாள் ஜாஸ்மின். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

துப்பறிவாளர் பகலவன் அவசரப்படவில்லை. அவருடைய உதவியாளர் மதிவதனிதான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

ஜாஸ்மின் வேலை பார்த்தது மண்ணூரில், தகர மூடி அடிக்கும் தொழிற்சாலையில். அங்கே பிரஸ் மெஷினைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டியது. மேல் அச்சு விழுந்து எழும். கம்ப்யூட்டர் எண்ணி முடித்ததும் மறுபடி விழும். அந்த இடைவெளிக்குள் அடித்த மூடியை எடுத்து, புதுத் தகட்டை வைத்து, கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தாளம் தப்பாமலிருக்கப் பெண்கள் வாய்விட்டே சொல்வார்கள்: “எடுத்தேன், வெச்சேன், வந்தேன்.”

ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் காலை கிளியம்மாள் ‘வெச்சேன்’ வரைதான் சொன்னாள். அடுத்து வந்தது அலறல். இரண்டு விரல்கள் போயின.

“அதுக்கு முன்னாடியே சொல்லிகினு இருந்தாங்க. ‘இன்னாடி, மெஷினுக்குப் பேய் புடிச்சிகீது, தொரத்துது’ன்னு. சூப்பர்வைசர் தூங்கிட்டாங்கன்னு எழுதி வேலைய விட்டே தூக்கிட்டாரு. இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்டுல அதே மெஷின்ல நான் குந்தணும் சார்.”

பகலவன் எழுந்து செருப்பை மாட்டினார்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி அவர்கள் உள்ளே போனபோது சூப்பர்வைசர் வெங்கடேசன் அந்த பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புரோகிராம் எழுதிய மெட்ராஸ் என்ஜினீயர் பிரசன்னா.

“பெட்டி மேல பாருங்க சார், கம்ப்யூட்டர் வேகம் பன்னெண்டு மெகாஹெர்ட்ஸ். நான் மாட்டினப்பவும் அதேதான். உள்ளே இருக்கிற கடிகாரம்கூட கரெக்டா ஓடுது. பேய் இருந்தா மணி தப்பாதா?” பிரசன்னா சிரித்துவிட்டு வெங்கடேசனோடு டீ குடிக்கப் போனான்.

பகலவன் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் குனிந்தார். மூடியும் உடலும் சேரும் இடுக்கின்மேல் சந்தனம், நடுவில் குங்குமம்.

“இதை யார் வெச்சது?”

“பூஜையன்னிக்கு கிளியம்மாக்காதான். எல்லா மெஷினுக்கும்.”

மற்ற மெஷின்களில் அந்தச் சந்தனம் எண்ணெய்ப் புகை படிந்து கறுத்திருந்தது. இதில் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. பகலவன் நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு சந்தனப் பூச்சு, இடுக்கு நெடுக வெடித்துக் கிடந்தது.

மதிவதனி வேகம் அளக்கும் தன் ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் ஓர் எண் வந்தது: 16. பெட்டியின் முகப்பில் 12. ஜாஸ்மினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மதிவதனியின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பகலவன் திரையை அணைக்கச் சொல்லி, மதிவதனியின் காதில் ஏதோ சொன்னார்.

டீ குடிக்கப் போன இருவரும் திரும்பி வந்தார்கள்.

“இந்தப் பொண்ணு பயப்படுது,” என்றார் பகலவன். “உங்கள்ல ஒருத்தர் ஒரே ஒரு தகடு வெச்சுக் காட்டுங்களேன்.”

“இதுக்கா இவ்ளோ கலாட்டா? நகரு தங்கச்சி.” பிரசன்னா சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தான். தகட்டோடு அவன் கை அச்சின் அடியில் நுழைந்தது. ஜாஸ்மின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வாணாம்! கைய எடுய்யா!”

வெங்கடேசன் பாய்ந்து பிரசன்னாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார். அச்சு அசையவில்லை. மதிவதனி பிடுங்கி வைத்திருந்த பியூஸை உயர்த்திக் காட்டினாள்.

“ஏன் வேணாம் சார்?” என்றார் பகலவன். “மெஷின் மேல தப்பில்லை, அந்தம்மாதான் தூங்கிட்டாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?”

பகலவன் பெட்டியின் முகப்பைச் சுட்டிக் காட்டினார்.

“முகப்புல இருக்கிற எண் யாரும் அளந்து காட்டுறது இல்லை. கதவுல மாட்டின பெயர்ப் பலகை மாதிரி, ஒரு தடவை வெச்சா வெச்சதுதான். நிஜ வேகத்தை நிர்ணயிக்கிறது உள்ளே இருக்கிற சின்னப் படிகம். அதை மாத்திப் பன்னெண்டைப் பதினாறாக்கியிருக்காங்க. மணி காட்டுறதுக்குத் தனிப் படிகம், அதனால கடிகாரம் தப்பலை. ஆனா கம்ப்யூட்டர் வேகமா எண்ணினதால எண்ணிக்கை சீக்கிரம் முடிஞ்சுது. கால்வாசி நேரம் காணாமப் போச்சு.”

“ஐயோ, என் எண்ணிக்கை!” பிரசன்னா தன் கையையே பார்த்தான்.

“பெட்டியைத் திறந்தது பூஜைக்கு அப்புறம். சந்தனம் வெடிச்சுது. பொட்டு கலைஞ்ச மெஷினை அப்படியே விட மனசு வராம, திறந்தவரே புதுசா வெச்சிருக்கார். அப்படிப்பட்ட கை யாருதுன்னு உள்ளே வந்ததுமே பார்த்தேன். ஆனா பக்தியைக் குற்றம்னு சொல்ல முடியாது. அதான் இந்தச் சோதனை. புரோகிராமை நம்பினவர் கையை உள்ளே விட்டார். உண்மை தெரிஞ்சவர் தடுத்தார்.”

வெங்கடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தன் சொன்னான். மாத்தினா வேலை சுருக்கா நடக்கும்னு. டார்கெட் முடிக்கணும்னு மாத்தினேன். கை போவும்னு நெனைக்கல சார்.”

“கிளியம்மாள் விரல் போனதும் புரிஞ்சிருக்குமே?”

“எல்லாரும் சுத்தி நின்னுகினு இருந்தாங்க. தனியா நேரம் கெடைக்கல. இன்னிக்கு ராத்திரி பழசையே மாட்டிடலாம்னு...”

“ரெண்டு மணி ஷிப்டுக்கு அப்புறம்?”

ஜாஸ்மின் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

கிளியம்மாள் தூங்கவில்லை என்று வெங்கடேசன் முதலாளி முன்னால் எழுதிக் கொடுத்தார். பிரசன்னா பழைய படிகத்தைப் பொருத்தி, தகடு இல்லாமல் மெஷினை ஓட விட்டான். ஜாஸ்மின் கைகளை மறுபடி அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அச்சு எழும்பியது.

“எடுத்தேன். வெச்சேன்.” அவள் அச்சையே பார்த்தாள். “வந்தேன்.”

அதற்குப் பிறகுதான் அச்சு விழுந்தது. அவள் கைகள் இன்னும் அக்குளுக்குள்ளேயே இருந்தன.