எலுமிச்சை நசுங்காத விஜயதசமி

காரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. கண்ணன் சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு நொடி உறுமிவிட்டு நின்றுபோனது.

"இன்னொருக்க திருகு," என்றார் சிவபிரகாஷ்.

மறுபடியும் ஒரு நொடி உறுமல். மறுபடியும் நின்றுபோனது.

திருக்கோகர்ணத்தில் அது ஒரு சின்னத் தெரு. இரண்டு நிமிடத்தில் தெருவே கண்ணன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். வண்டி ஓடினால் நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடவில்லை என்றால் போதும், அத்தனை பேரும் பார்க்க வந்துவிடுவார்கள்.

அந்தக் கார் கண்ணனுடையது இல்லை. சிவபிரகாஷிடம் மூன்று வாடகைக் கார்கள் இருந்தன. அதில் ஒன்றைக் கண்ணன் ஆறு வருடமாக ஓட்டுகிறார். சிவபிரகாஷ் நல்ல மனிதர்தான். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் பேச முடியாது. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். ஒருமுறை மூன்று பூனைகள் போய், அவர் வெறும் தண்ணீரிலேயே வயிறு நிறைந்து படுத்துவிட்டார்.

அவர் கார்களுக்கு ஒரு முறை உண்டு. ஆயுத பூஜை அன்று சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தால், மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. விஜயதசமி அன்று எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். நேராக விராலிமலைக்குப் போய் முருகனுக்குச் சூடம் கொளுத்த வேண்டும். மற்ற இரண்டு கார்களும் அன்று காலை அப்படித்தான் போயிருந்தன.

"தள்ளிவிட்டு நசுக்கிரலாமே?" என்றார் பிரஷ்காரர்.

"தள்ளி நசுக்குனா அது ஊறுகாய்க்குத்தான் ஆகும்!" என்று சீறினார் சிவபிரகாஷ். "வண்டி அதுவா ஓடி நசுக்கணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும்."

பிறகு அவர் கண் சாவியின் மேல் விழுந்தது. "சாவி என்ன புதுசா மின்னுது? யாரு கவரை மாத்துனது?"

வாசற்படியில் நின்ற அருணா கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள். கண்ணன் ஒரு கணம் மகளைப் பார்த்தார்.

"நான்தாங்கண்ணே. பழைய கவர் ஒடஞ்சு போச்சு. பூசைக்கு நல்லா இருக்கட்டும்னு மாத்துனேன்."

அது பொய். மாற்றியது அருணா.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சாவியின் பழைய கவரில் பட்டன் கிழிந்து, அப்பா அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். புதுக் கவர் வாங்கி வந்து ஒரு மாதம் ஆகியும் மாற்ற நேரமில்லை. ஆயுத பூஜை அன்று காலை, அப்பா காரைக் கழுவி நிறுத்திய பிறகு, அருணா ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தாள். பழைய கவரைப் பிளந்தாள். சாவியின் இரும்புத் தண்டு, பட்டன் தகடு, வட்ட பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துப் புதுக் கவரில் பொருத்தினாள். ஜன்னல் வழியாகப் பட்டனை அழுத்தினாள். காரின் கதவுகள் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. இன்னொரு முறை அழுத்தினாள். திறந்துகொண்டன.

"என் மக எஞ்சினியருடா!" என்று அப்பா மீசையை முறுக்கினார். சாவி பூஜைத் தட்டுக்குப் போனது. அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை.

இப்போது அதே அப்பா, அவள் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்.

"இன்னொரு சாவி இருக்கா அண்ணே?" என்று கேட்டார் கண்ணன்.

"அது தொலைஞ்சு ரெண்டு வருசமாச்சு." சிவபிரகாஷ் நெற்றியைத் துடைத்தார். "கண்ணா, மனசுல வச்சுக்காத. ஒனக்கும் இந்த வண்டிக்கும் ராசி முடிஞ்சு போச்சு. விஜயதசமி அன்னிக்கே முரண்டு பிடிக்குதுன்னா என்ன அர்த்தம்? சோலையப்பனை வரச் சொல்றேன். மெக்கானிக்கிட்ட இழுத்துட்டுப் போயி, இனிமே அவனே ஓட்டட்டும்."

அங்கேயே போனை எடுத்துப் பேசியும் விட்டார்.

கண்ணன் கெஞ்சவில்லை. காரின் நிழலில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அருணாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாளைக் காலையில் அப்பா எழுந்து, பல் துலக்கி, சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவார்? எல்லாம் தன்னால் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. அழுகை வந்தது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் இன்னும் பிரஷ்ஷோடு பார்த்துக்கொண்டிருந்ததால் அழவும் முடியவில்லை.

சிவபிரகாஷ் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போனார். அருணா மெதுவாகக் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

'கதவு திறக்கிறது. ஹாரன் அடிக்கிறது. லைட் எரிகிறது. எஞ்சின் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? நேற்று வரைக்கும் வந்ததே! மாறியது கவர் மட்டும்தானே?'

சாவியைப் பாதி திருகினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது. அதில் ஒரு காரும் ஒரு சாவியும் வரையப்பட்டிருந்தன. இப்படி ஒரு விளக்கு சிமிட்டி அவள் பார்த்ததே இல்லை.

முன்பக்கப் பெட்டியைத் திறந்தாள். காரோடு வந்த தடித்த புத்தகம் கிடந்தது. முழுக்க ஆங்கிலம். படம் படமாகப் புரட்டினாள். அதே விளக்கின் படம் ஒரு பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் 'இம்மொபிலைசர்' என்று ஒரு நீளமான சொல். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவளுக்கு வியர்த்தது. தெரியாத சொற்களைத் தாண்டித் தாண்டிப் படித்தாள். தாண்டியவைதான் அதிகம். ஆனாலும் விஷயம் பிடிபட்டது.

சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். அதற்கு பேட்டரி வேண்டாம். சாவியைத் துவாரத்தில் போட்டதும், கார் அந்த சிப்பைத் தேடும். சிப் தன் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் எஞ்சின் ஓடும். சொல்லாவிட்டால், திருடன் என்று நினைத்து எஞ்சினை நிறுத்திவிடும். கதவைத் திறக்கும் பட்டன் வேறு வேலை; இது வேறு வேலை.

அருணாவுக்கு ஞாபகம் வந்தது. பழைய கவரின் மூலையில், உளுந்தை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் துண்டு என்று விட்டுவிட்டாள்.

"அம்மா! அந்தப் பழைய சாவிக் கவர் எங்கம்மா?"

அவள் அம்மா திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அந்த ஒடஞ்சதா? நேத்து வீட்டைக் கூட்டுனப்பவே குப்பை வண்டியில போட்டாச்சே."

அந்த வருடம் முழுவதும் சேர்ந்த குப்பையை ஊரே வெளியே போடுகிற நாள் அது. இருந்தாலும் ஓடுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

டீக்கடைக்குப் போனாள். "பெரியப்பா, சாவிக் கவரை மாத்துனது அப்பா இல்ல. நான்தான். அதுக்குள்ள இருந்த சிப்பை எடுத்து வைக்காம விட்டுட்டேன். அதான் வண்டி வரல. ராசியெல்லாம் ஒண்ணும் போகல."

சிவபிரகாஷின் டீ கிளாஸ் பாதியில் நின்றது. "ஒங்கப்பன் தான்னு சொன்னானே!"

"எனக்காகப் பொய் சொன்னாரு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பத்தரை வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்," என்றார். குரலில் இரக்கம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மணி ஒன்பதே முக்கால். அருணா ஓடினாள். மூன்றாவது தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்திப் பூச் சுற்றியிருந்தது. அதை ஓட்டி வரும் மூக்காயி அக்கா வண்டியை நிறுத்தினார்.

"என்னத்தா, இப்புடி மூச்சு வாங்க ஓடியாற?"

அருணா திக்கித் திணறிச் சொன்னாள். மூக்காயி வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய இரண்டு பெரிய சாக்குகளைக் காட்டினார். "நேத்து பிளாஸ்டிக் பூரா இதுலதான் கெடக்கு. குப்பை பிரிக்கிற ஷெட்டுக்கு லீவு, அதான் எறக்கல. ஆனா நாலு தெரு குப்பைத்தா. நாறும்."

"பரவாயில்லக்கா."

ஓரமாகக் கொட்டினார்கள். தேய்ந்த பல் துலக்கிகள், உடைந்த டப்பாக்கள், பொம்மைக் கால்கள், டிவி ரிமோட்டுகள். முதல் சாக்கில் இல்லை. இரண்டாவது சாக்கில் ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பாதிக் கவர் கிடைத்தது. அருணா பாய்ந்து எடுத்தாள். மூலையைப் பார்த்தாள்.

காலியாக இருந்தது.

இந்தத் தடவை அவள் அழுதேவிட்டாள். குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். பெரியப்பா போயிருப்பார். சோலையப்பன் வந்திருப்பார்.

"கவருன்னா ரெண்டு பாதி இருக்குமில்ல?" என்றார் மூக்காயி, கிளறிக்கொண்டே. "அழுதுட்டே தேடு. கை சும்மாதான இருக்கு."

அழுதுகொண்டே தேடினாள். ஒரு ஷாம்பு பாட்டிலுக்கு அடியில் இன்னொரு பாதி கிடந்தது. அதன் மூலையில் கறுப்பாக ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏறு வண்டியில!" என்றார் மூக்காயி. சாக்குகளை ஓரத்தில் போட்டுவிட்டு, பாட்டு அலற அலற, குப்பை வண்டி அருணாவின் தெருவுக்குள் நுழைந்தது.

பத்து இருபத்தைந்து. சிவபிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருணாவின் மேல் வீசிய நாற்றத்தில் நான்கு அடி பின்னால் போனார்.

"அப்பா, இப்ப திருகுங்க," என்றாள் அருணா. பழைய கவரின் பாதியைச் சாவி துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்தாள்.

கண்ணன் திருகினார். எஞ்சின் உறுமியது. ஒரு நொடி ஆனது. இரண்டு நொடி ஆனது. நிற்கவில்லை. சிவப்பு விளக்கு அணைந்துபோனது.

"எடுப்பா வண்டியை!" என்று கத்தினார் சிவபிரகாஷ். கார் நகர்ந்தது. நான்கு பழங்களும் நசுங்கின. கைதட்டியதில் எதிர்வீட்டுக்காரரின் பிரஷ் கீழே விழுந்தது.

சிவபிரகாஷ் போனை எடுத்தார். "சோலை, வர வேணாம்ப்பா... பஸ் ஏறிட்டியா? அப்ப எறங்கிரு... இல்லப்பா, கண்ணன்தான் ஓட்டுறான். அவன்தான் ஓட்டுவான்." போனை வைத்துவிட்டு அருணாவிடம் வந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு. "வண்டி ராகுகாலத்துக்கு முன்னாடியே கெளம்பிருச்சு, அது போதும். போயி குளி. குளிச்சிட்டு நீயும் அப்பாவோட மலைக்குப் போயிட்டு வா."

அருணா குளித்து, வேறு பாவாடை மாற்றி வருவதற்குள் கண்ணன் சிப்பைப் புதுக் கவருக்குள் வைத்து மூடியிருந்தார். முன் கதவைத் திறந்துவிட்டார். மகளின் ஈரத் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார்.

"பெல்ட்டைப் போடு," என்றார். "அதைத் தவிர வேற எதையும் தொட்டுறாத."

விராலிமலை வந்து சேரும்வரை அருணா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.