தலை நிமிராத டாக்டர்

மூன்று வருகைக்கும் ஒரே எழுத்துப்பிழை. அதுதான் சுள்ளியின் கண்ணில் முதலில் பட்டது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவளுக்குப் பத்து வருட வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். அன்று பிற்பகல் புற்றுநோய்ப் பிரிவின் கூடத்தில் அக்காவின் ஃபைலை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். 'நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்தேன். புதிய வழி இல்லை. அதே மருந்து' என்று மூன்று தேதிகளின் கீழும் எழுதியிருந்தது. வலி என்று எழுத வேண்டிய இடத்தில் வழி. மூன்று முறையும். எழுத்தின் சாய்வு, முற்றுப்புள்ளியிலிருந்து இழுபட்ட வால், எல்லாம் அச்சு அசல். எந்தக் கையும் ஒரு வரியை இரண்டு தடவை இப்படி எழுதாது.

ஆனால் அவளுக்கு ஆத்திரமூட்டியது பிழை அல்ல. 'தொட்டு' என்ற சொல். அந்த டாக்டர் அக்காவைத் தொட்டதே இல்லை. தொடுவது இருக்கட்டும், தலை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. அக்காவுக்கு ஒரு மாதமாக இடுப்பெலும்பில் வலி. இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். போன இரண்டு தடவையும் அதைச் சொல்ல வாய் திறந்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

சுள்ளி என்பது அக்கா வைத்த பெயர். ஒல்லியாக இருப்பதாலும், எடுத்ததற்கெல்லாம் பற்றிக்கொள்வதாலும். பெற்றவர்கள் போன பிறகு ஒன்பது வயதுச் சுள்ளியைத் தோளில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

"என் தலைமுடி மொத்தமும் கொட்டினது அந்த மனுஷனுக்குத் தெரியாது," என்றாள் அக்கா, துணித்தொப்பியைச் சரிசெய்தபடி. "மொட்டையில பொட்டு வச்சுக்கிட்டுப் போனாலும் கண்டுக்க மாட்டாரு."

சுள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடத்தில் கிருமிநாசினி வாடையும், நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் வியர்வையும், யாரோ குழந்தைக்கு உரித்துக் கொடுத்த ஆரஞ்சுத் தோலின் மணமும் கலந்து, காற்றாடி சுற்றச் சுற்ற அதே காற்றே திரும்பத் திரும்ப முகத்தில் வந்து படிந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. ஏழாம் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் அது ஒரு அலையாக வந்து போனது. முன்பு இந்தத் தாழ்வாரத்தில் நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுடைய அறைகளில் பூட்டு தொங்கியது. மிச்சமிருந்தது ஏழாம் அறை மட்டும்.

இன்று அவர் அக்காவின் இடுப்பைத் தொட்டுப் பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சுள்ளி முடிவு கட்டிக்கொண்டாள். நர்ஸிடம் போய் எத்தனை பேர் பாக்கி என்று கேட்டாள். நூற்று முப்பது பேர் என்றார் நர்ஸ். டாக்டர் சாப்பிடப் போவாரா என்று கேட்டாள். நர்ஸ் சீட்டுகளை அடுக்கினார். எப்போது வீட்டுக்குப் போவார் என்று கேட்டதற்கு, நர்ஸின் விரல்கள் சீட்டின் மேலேயே நின்றன.

"உங்க நம்பர் வரும்மா. உக்காருங்க."

கதவு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. உள்ளே போனவர்கள் எல்லாரும் கணக்காக இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்கள், எதையோ பார்த்தும் பார்க்காத மாதிரி தரையையே நோக்கி. அப்போதுதான் சுள்ளி அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். பேனா காகிதத்தில் உராயும் சத்தம். ஆள் உள்ளே இருக்கும்போது கேட்டது. ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் இன்னும் போகாத இடைவெளியிலும் கேட்டது. யாருமில்லாத அறையில் யாருக்காக எழுதுகிறார்?

அவர்கள் எண் வந்தது.

உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. மேசையில் ஆடை தடித்துப் பச்சை பூத்த தேநீர்க் குவளை. ஃபைல் குவியல்களுக்கு நடுவே குனிந்த தலை. வகிட்டில் தூசி. அக்கா ஒரு கையால் மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல உட்கார்ந்தாள். சுள்ளி மேசையில் வைத்த ஃபைலில் அதற்குள் அவர் எழுத ஆரம்பித்திருந்தார். அதே சாய்வு. அதே வரி.

"டாக்டர், அக்காவுக்கு இடுப்புல வலி. ஒரு மாசமா."

பேனா நகர்ந்தது.

"டாக்டர், நிமிர்ந்து பாருங்க. நாங்க பேசறது மேசைகிட்ட இல்ல."

பேனா நகர்ந்தது.

சுள்ளிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில். கையை நீட்டி விரல்களை விரித்து ஃபைலின் மேல் அழுத்தி வைத்தாள். எழுதட்டும், பார்ப்போம்.

அவர் எழுதினார். பேனா அவள் சுண்டுவிரலில் ஏறியது. அடுத்த விரலில் இறங்கி ஏறியது. தோலைக் கீறிக்கொண்டு, நிற்காமல். அவள் விரல்களின் குறுக்கே, நீல மையில்: வழி இல்லை.

அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது. விடியற்காலையில் இரும்புக் குழாயைத் தொட்டது போல. அவள் பிடிக்குள்ளும் அது இழுத்துக்கொண்டே இருந்தது, இடமிருந்து வலம், இடமிருந்து வலம். கட்டைவிரலை நரம்பின் மேல் வைத்தாள். காத்திருந்தாள். துடிப்பு இல்லை. ஒரு ஈ அவருடைய காதுக்குள் போயிற்று. வெளியே வரவில்லை.

வாசலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"அஞ்சு வாரமாச்சு," என்றார், வெகு தாழ்ந்த குரலில். "மேலிடத்துக்கு மூணு தடவ எழுதிப் போட்டேன். நோயாளிங்களைப் பாக்கறது நடக்குதான்னு கேட்டாங்க. நடக்குதுன்னேன். அப்போ நடக்கட்டும்னுட்டாங்க."

சுள்ளிக்கு நெஞ்சுக்குள் மூண்ட நெருப்புக்குப் போக இடமில்லை. இத்தனை நாளும் யாரைத் திட்டித் தீர்த்தாளோ அந்த மனிதனை இந்த நாற்காலியிலேயே பிழிந்து, செத்த பிறகும் எழுந்திருக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு மேசையில் யாரோ 'நடக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருக்கிறான். அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும். அவனுக்கோ முகமில்லை.

"அக்கா, எழுந்திரு. போகலாம்."

அக்கா எழுந்தாள். ஆனால் கதவின் பக்கம் போகவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். எழுதிக்கொண்டிருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

பேனா விழுந்தது.

உராய்வு நின்றது. கூடத்தில் பேச்சும் நின்றது. காற்றாடி மட்டும்.

சுருண்டிருந்த விரல்கள் விரிந்தன. ஒவ்வொன்றாக. அழுத்தின. நகர்ந்தன. மறுபடி அழுத்தின. யாரும் காட்டிக் கொடுக்காமலே சரியான இடத்துக்குப் போய் நின்றன. பிறகு கழுத்தில் ஏதோ காய்ந்தது முறிவது போன்ற சத்தம். தலை நிமிர்ந்தது. கண்களின் மேல் ஆடை படிந்திருந்தது, ஆறிய பால் மேல் படிவது போல.

"இங்கயா?"

"ஆமா டாக்டர்." அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "அங்கதான்."

"எத்தனை நாளா?"

சுள்ளி அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்த விரல்கள் சதைக்குள் பதிந்திருந்தன. சுற்றிலும் தோல் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா. அந்த ஆளு உயிரோட இல்ல."

"தெரியும்டி. கை பட்டப்பவே தெரிஞ்சிடுச்சு." அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இரு. கேக்கறாருல்ல."

பின்னால் கதவு முழுசாகத் திறந்தது.

கூடம் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. யாரும் ஓடவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்தார்கள். பொத்தான்களைக் கழற்றினார்கள். கட்டிகளும் தழும்புகளும் வெளிச்சத்துக்கு வந்தன. நர்ஸ் விலகி வழிவிட்டார். முதலில் நின்ற கிழவர் தாடையை உயர்த்தி, கழுத்தைக் காட்டிக்கொண்டு, ஒரு அடி உள்ளே வைத்தார். அவர் முதுகில் ஒட்டி அடுத்தவர். அதற்கடுத்தவர்.

டாக்டரின் இடது கை மேசையிலிருந்து மெல்ல எழுந்து, விரல்களை விரித்தது.