பின்சீட்டு ஸ்பீக்கர்

சாவி சட்டைப்பையில் இருந்தது. என்ஜினை அணைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. புது கேசட் செட்டின் சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஆனாலும் பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடியோரப் பலகையை வெட்டிப் பதித்திருந்த வலதுபக்க ஸ்பீக்கரில் இருந்து யாரோ மூச்சு விடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

தங்கப்பழத்துக்கு முதலில் வந்தது கோபம். பதினோரு வருஷமாகச் சங்கரன்கோவில் ஸ்டாண்டில் கறுப்பு அம்பாசடர் ஓட்டுகிறவன். எது நடந்தாலும் அவனுக்கு முதலில் கோபம்தான் வரும், பயம், வருத்தமெல்லாம் பின்னால் நின்று முறை பார்த்து வர வேண்டும். செட்டை மாட்டிக் கொடுத்த ரேடியோக்கடை ஏசுவடியானை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பின்னால் திரும்பிக் காது கொடுத்தான். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் தெருவில் ஈ காக்கை கிடையாது. காய்ந்த ரெக்சின் வாடையும் புது ஸ்பீக்கரின் பசை வாடையும் மூன்று நாளுக்கு முன்னால் தெளித்த மஞ்சள்தண்ணீரின் வாடையும் கலந்து வண்டிக்குள் மூச்சை முட்டியது. அதற்கு நடுவே அந்தச் சத்தம். உள்ளே இழுக்கும்போது சளி கரகரத்தது, வெளியே விடும்போது மெல்லியதாய் ஒரு விசில் வந்தது. பிறகு மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி, டக். டக் டக்.

அது யாருடைய மூச்சு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

செட் மாட்டியதே கோபத்தில்தான். மேலநீலிதநல்லூர் துரைப்பாண்டி பங்குனி மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு வண்டி பேச ஸ்டாண்டுக்கு வந்தார். தங்கப்பழத்தின் வண்டிக்குள் தலையை விட்டு, டேஷ்போர்டில் இருந்த கம்பெனி ரேடியோவைத் திருகிப் பார்த்தார். அதற்கு இருந்தது ஒற்றை ஸ்பீக்கர், அதுவும் ஜலதோஷம் பிடித்தமாதிரி பாடும்.

"வண்டி என்னமோ நல்லாத்தான் இருக்கு வே. பாட்டுதான் இழவு வீட்டுப் பாட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்டீரியோ வைத்திருந்த பரமசிவன் வண்டியைப் பேசிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டே சிரித்தது. தங்கப்பழத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கடையநல்லூர் போய், வாடிக்கைக்காரி ரசீதாவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்து கொண்டுவந்த கேசட் செட்டை வாங்கிவந்தான். ஏசுவடியான் கம்பெனி ரேடியோவைப் பிடுங்கிவிட்டு டேஷ்போர்டை அறுத்துப் புது செட்டைப் பொருத்தினான். பின்னால் முட்டை வடிவில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்கு அடியில் பூஸ்டர். குமிழை முக்கால்வாசி திருப்பினால் ஸ்டீயரிங் அதிர்ந்தது. தங்கப்பழத்துக்குப் பரம திருப்தி.

அந்த வண்டிக்குத்தான் போன வாரம் துரைப்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். பரமசிவன் வாடகைக்குப் போயிருந்தான். துரைப்பாண்டியின் சம்சாரம் இசக்கித்தாய் அவரைத் தாங்கிப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். தங்கப்பழம் முடியாது என்று சொல்லவில்லை, எந்த டிரைவரும் சொல்ல மாட்டான். ஊரைத் தாண்டியதும் பாட்டை மட்டும் போட்டான். இழவு வீட்டுப் பாட்டா என்று இப்போ கேட்டுக்கிடும்வே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது துரைப்பாண்டி கண்ணாடியில் சாய்ந்தபடி அடங்கிப்போயிருந்தார். இசக்கித்தாய் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தேவர்குளத்துல டாக்டர் வீட்டுப் பக்கம் நிறுத்துங்கன்னு அந்தக் கத்து கத்துனேனே அண்ணாச்சி, கேக்கலியா உங்களுக்கு?"

"பாட்டுச் சத்தத்துல கேக்கலம்மா."

ஸ்டாண்டிலும் அதையேதான் சொன்னான், வீட்டிலும் அதையேதான் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். ஸ்பீக்கர் அப்படி. நாலு தடவை சொன்ன பிறகு அவனுக்கே அது பழகிவிட்டது.

சாவு விழுந்த வண்டியைச் சும்மா விட முடியாது. ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஆறுமுகச்சாமி நின்று சொல்ல, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, குடத்து மஞ்சள்தண்ணீரை வண்டி முழுக்கத் தெளித்தான். செட்டையும் ஸ்பீக்கரையும் மட்டும் பாலிதீன் தாளால் மூடிக் கட்டியிருந்தான்.

"அதுலயும் ரெண்டு சொட்டு விடுவே" என்றார் ஆறுமுகச்சாமி.

"வெளிநாட்டுச் சாமான் அண்ணாச்சி. தண்ணி பட்டா தீந்துது" என்று விடவில்லை. அன்று சாயங்காலமே மூச்சுச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

நாளைக்குக் காலையில் திருவேங்கடத்துக்குக் கல்யாண வாடகை, செட்டைப் பார்த்துவிட்டு வந்த முதல் வாடகை. மாப்பிள்ளை உட்காருகிற இடத்துக்குப் பின்னால் இந்தக் கரகரப்பு வந்தால் ஸ்டாண்டில் தலைகாட்ட முடியாது. அதுமட்டுமா, இது யார் மூச்சு என்று எவனாவது ஒருவன் கேட்டுவிட்டால், இவ்வளவு சின்னச் சத்தம் இப்போது கேட்கிறவனுக்கு அன்றைக்குப் பொம்பளை கத்தியது எப்படிக் கேட்காமல் போச்சு என்றும் கேட்பான். வண்டியைக் கிளப்பி நேரே ஏசுவடியான் கடைக்குப் பின்னால் இருந்த வளவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஏசுவடியான் கையில் சோல்டரிங் கம்பியோடு வந்தான். "எர்த் இழுக்கும்வே. டைனமோ சத்தமா இருக்கும்."

"என்ஜினே ஓடல. டைனமோ எங்கன சுத்துது?"

ஏசுவடியான் பின்கதவைத் திறந்து ஸ்பீக்கரில் காது வைத்தான். மூச்சு அவன் காதுக்குள்ளேயே போய் வந்தது. கரகரப்பு, விசில், டக், டக் டக். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

தங்கப்பழத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "கேக்கலியா? காதுல என்னத்த அடச்சி வச்சிருக்கீரு? கண்டதை மாட்டிக் குடுத்துட்டு இப்போ கேக்கலன்னு பொய் சொல்லுதீரு?"

"மெய்யாவே கேக்கலவே. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நீரு போம். நானே பிடுங்கி எறியுதேன்."

ஏசுவடியான் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். பத்தடி தூரத்தில், கடை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். தங்கப்பழம் திருப்புளியும் குறடும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி மண்டியிட்டான். கதவு முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை. பின்கதவு இரண்டுக்கும் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கல்யாண வாடகையில் பிள்ளைகள் ஓட்டத்தில் திறந்துவிடுகிறார்கள் என்று அவனே கழற்றியது. கண்ணாடி இறக்குகிற கைப்பிடியும் ஒன்றே ஒன்றுதான், அது முன்னால் டேஷ் பெட்டிக்குள் கிடந்தது.

நாலு ஸ்குரூவையும் கழற்றி ஸ்பீக்கரை வெளியே தூக்கினான். இரண்டு ஒயரையும் குறடால் நறுக்கினான். சத்தம் நின்றது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல வேளை என்று மூச்சு விட்டான்.

கையில் இருந்த ஸ்பீக்கரும் மூச்சு விட்டது.

அதன் நடுவே இருந்த கறுப்புத் தாள் மெதுவாக மேலே எழும்பியது, இறங்கியது. சூடாக இருந்தது. உள்ளங்கையில் ஈரம் பட்டது.

தூக்கி எறிந்தான். அது சீட்டில் விழுந்து மல்லாந்து கிடந்தது. முன்னால் செட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. சாவி அவன் பையில்தான் இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. அன்றைக்குப் போட்ட அதே பாட்டு.

கதவைத் தடவினான். வெறும் தகரம். தோளால் இடித்தான். "ஏசுவடியான்! கதவைத் திறவும்வே!" தன் குரல் தனக்கே கேட்கவில்லை. முன்சீட்டைத் தாண்டிக் குதிக்கக் காலைத் தூக்கினான். நெஞ்சில் ஏதோ இறுகியது. இடது கை மரத்துப்போனது. சீட்டில் சரிந்தான். சரியாக வலதுபக்கம், கண்ணாடியோரம்.

ஜன்னல் வழியே ஏசுவடியான் நிமிர்ந்து பார்த்தான். பாட்டுக்குத் தலையாட்டினான். கையைத் தூக்கி, பிரமாதம் என்று காட்டினான். மறுபடியும் டிரான்சிஸ்டரில் குனிந்துகொண்டான்.

தங்கப்பழம் மூச்சை இழுத்தான். சளி கரகரத்தது. விட்டான். விசில் வந்தது.

மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

டக். டக் டக்.

கேட்டது. அன்றைக்கும் கேட்டது. இசக்கித்தாய் முதுகுக்குப் பின்னால் சீட்டைக் குத்தியது கேட்டது. டாக்டர் வீடு என்றது கேட்டது. முன்னால் மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் குமிழைத் திருகினான்.

தலையைத் தூக்கி முன்னால் பார்த்தான். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் மட்டும் இரண்டு கண். கோபமான கண். அவனுடைய கண்.

அது அவனைப் பார்த்தது. அவன் வாய் அசைவதைப் பார்த்தது. பிறகு ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது.

செட்டின் குமிழ் மெதுவாக வலப்பக்கம் திரும்பியது.