இன்று மாலை காலமானார்

போன் அடித்தது.

வேல்விழி எடுத்தாள். மறுமுனையில் ஒரு ஆணின் குரல் தழுதழுத்தது.

"தாயி... எடுக்க எத்தன மணி ஆகும்?"

"எதை எடுக்க?"

"என்னம்மா இப்படிக் கேக்க? பேச்சிராஜா அண்ணாச்சியத்தான்."

வேல்விழியின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

பேச்சிராஜா. 'உதிரம்' ரத்த தான அறக்கட்டளையின் தலைவர். சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறைதான் அறக்கட்டளை. காலையில் இதே அறையில், இதோ இந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவளோடு உளுந்த வடை தின்றுவிட்டுப் போனவர்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்க பேஜ்லதாம்மா போட்டிருக்கு."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

கறுப்பு பார்டர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அண்ணாச்சியின் சிரித்த முகம்.

'கண்ணீர் அஞ்சலி. எங்கள் தலைவர் பேச்சிராஜா அவர்கள் இன்று மாலை காலமானார்.'

வேல்விழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மதியம் ஒன்று பத்து.

மாலை இன்னும் வரவே இல்லை!

"யா அல்லாஹ்..." பின்னால் வந்து நின்ற ஷாஹின் பானு முனகினாள். தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்பவள். "இது நடந்ததைச் சொல்லுதா, நடக்கப் போறதைச் சொல்லுதா?"

"அண்ணாச்சிக்குப் போன் போடு."

ஷாஹின் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பெண் குரல், அதே ஸ்விட்ச் ஆஃப்.

மூலை பெஞ்சிலிருந்து மைதீன் எழுந்தார். காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி ஆமினாளுக்கு நாளைக்கு நெல்லையில் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

"அப்ப... ஆமினாளுக்கு?"



அண்ணாச்சிக்கும் ஓ நெகட்டிவ்தான். ஆனால் போன மாதம்தான் கொடுத்திருந்தார், டாக்டர்கள் மறுபடி எடுக்க மாட்டார்கள். ஆமினாளுக்காகப் பேஜில் போட்ட வேண்டுகோளுக்குப் பதினோரு லைக் விழுந்தது. ஆள் ஒருவரும் வரவில்லை. காலையில் கிளம்பும்போது அண்ணாச்சி மைதீனின் தோளைத் தட்டி, "இன்னைக்குள்ள ஆளோட வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எந்த ஆள்? யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அந்தப் போஸ்ட்டத் தூக்கு" என்றாள் ஷாஹின்.

"எப்படித் தூக்க? பேஜுக்குள்ள போகணும்னா கோட் கேக்குது."

"கோட் எங்க வரும்?"

"அண்ணாச்சி போனுக்கு."

உதிரத்தில் எல்லாமே இலவசம். ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் ஒரு இலவச ஷீட்டில். போஸ்டர் ஒரு இலவசத் தளத்தில். குறித்த நேரத்தில் தானாகவே போஸ்ட் போட ஒரு இலவச ஷெட்யூலர். ஆளுக்கொரு லாகின் வேண்டுமென்றால் காசு. அதனால் அண்ணாச்சி, வேல்விழி, ஷாஹின் மூன்று பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட்.

போஸ்ட் பரவிக்கொண்டே இருந்தது. 'ஆழ்ந்த இரங்கல்'. 'ஆழ்ந்த இரங்கல்'. நதியில் விழுந்த குழந்தையைக் கரையில் நின்று பார்ப்பதுபோல வேல்விழி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டும் தூரம்தான். எட்டவில்லை.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி உள்ளே வந்தார். பின்னால் ஒரு ஏட்டு, கையில் செல்போன், செல்போனில் அதே போஸ்டர்.

"சாயங்காலம் சாகப் போறவருக்கு மத்தியானமே அஞ்சலி போட்டது யாரும்மா?"

"தெரியல மேடம்."

"பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"

வேல்விழி சுவரைக் காட்டினாள். காலண்டருக்குக் கீழே, வெள்ளைத் தாளில், பெரிய எழுத்தில் பாஸ்வேர்ட் ஒட்டியிருந்தது.

ராஜேஸ்வரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லவேளை, கீழ போர்டுல எழுதி வைக்கல."

"அண்ணாச்சிக்கு அடிக்கடி மறந்து போகும் மேடம்."

"சரி. அவருக்கு விரோதி யாராவது?"

ஷாஹின் தயங்கினாள். "தம்பி ஒருத்தரு இருக்காரு. மூக்காண்டி. குருவிகுளம் பக்கம் வெவசாயம். கெணத்துத் தகராறுல பேச்சுவார்த்தை நின்னு போச்சு. 'நீ செத்தாத்தான் இனி ஒன் வாசலை மிதிப்பேன்'னு தெருவே கேக்கச் சத்தியம் பண்ணிட்டுப் போனாரு."

"அதுக்குப் பொறவு?"

"அண்ணாச்சி மூணு தடவை ஆள் விட்டாரு. வந்த ஆளையெல்லாம் வெரட்டிட்டாரு. அண்ணாச்சி நம்பரையும் பிளாக் பண்ணிட்டாரு."

ராஜேஸ்வரி ஏட்டைப் பார்த்தார். "குருவிகுளத்துக்கு ஆள் அனுப்புங்க. அந்த மூக்காண்டி எனக்கு வேணும்."

ஏட்டு வெளியே ஓடினார்.

"இந்தப் போஸ்ட்ட எத்தன மணிக்கு வரணும்னு குறிச்சிருக்கான்?"

வேல்விழி ஷெட்யூலரைத் திறந்தாள். "மதியம் ஒரு மணிக்கு."

"மாலைன்னு எழுதிட்டு எதுக்கு ஒரு மணிக்குப் போடுதான்? கொல்ல வந்தவனுக்கு அவ்வளவு என்ன அவசரம்?"

வேல்விழி ஷெட்யூலரை மறுபடி பார்த்தாள்.

ஒரு மணி...

"மேடம்" என்றாள். "இந்த ஷெட்யூலர் லண்டன் நேரத்துல ஓடிட்டிருந்துச்சு. எங்கன மாத்துறதுன்னு எங்களுக்குத் தெரியல. அதனால நாங்களே அஞ்சரை மணி நேரத்தக் கொறச்சுப் போடுவோம். சாயங்காலம் ஆறரைக்குப் போஸ்ட் வரணும்னா..."

"ஒரு மணின்னு போடுவீங்க."

"ஆமா. இந்தக் கணக்கு எங்க மூணு பேரைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டப் பாத்துட்டு வந்த வெளியாளுக்கும் தெரியாது."

"அப்ப ஆறரைக்கு வரணும்னு நெனச்சது ஏன் ஒரு மணிக்கே வந்துச்சு?"

"நேத்துத்தான் நான் அந்த செட்டிங்கக் கண்டுபிடிச்சு இந்திய நேரத்துக்கு மாத்துனேன். எங்க வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன். ஷாஹின் பாத்துட்டுக் கட்டைவிரல் போட்டா."

ராஜேஸ்வரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப மாத்துனது தெரியாத ஒரே ஆளு..."

"குரூப்ப மியூட்ல போட்டிருக்குற ஆளு."

"யாரு?"

வேல்விழி போஸ்டரைப் பார்த்தாள்.

"செத்தவரு."



தன் சாவுக்குத் தானே நேரம் குறித்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டு, ஒரு மனிதர் எங்கோ மாலை வரட்டும் என்று காத்திருக்கிறார்...

"ஜீப்ப எடுங்கவே!" ராஜேஸ்வரி எழுந்தார்.

புளியங்குடி ரோட்டில் அண்ணாச்சியின் வீடு. மனைவி இறந்த பிறகு அவர் தனியாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ பந்தல்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் கேட்டபோது வராத ஊர், சாவு என்றதும் துஷ்டி கேட்கத் திரண்டு வந்திருந்தது.

கதவில் பூட்டு.

வேல்விழி கதவைத் தட்டினாள். "அண்ணாச்சி! வேல்விழி வந்திருக்கேன் அண்ணாச்சி!"

பதில் இல்லை.

மைதீன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்கு இரண்டு உயிர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன.

ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. கரிசல் மண் ஒட்டிய வேட்டி. கையில் ரோஜா மாலை. கண்கள் சிவந்திருந்தன.

"மூக்காண்டிதான அது?" என்றார் ராஜேஸ்வரி. "அங்கனயே நில்லுங்க."

"எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கேன் தாயி" என்றார் மூக்காண்டி. குரல் உடைந்திருந்தது.

"பூட்ட ஒடைங்கவே."

ஒரே அடி. பூட்டு தெறித்தது. கதவு திறந்தது.

உள்ளே, தரையில்...

வாழை இலை.

இலைக்கு முன்னால் பேச்சிராஜா. சோற்றுக்கு நடுவே ரசம். வலது கையில் பாதி கடித்த அப்பளம்.

அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மாலைகளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி வேல்விழி... இன்னும் ஆறரை ஆகலையே, அதுக்குள்ள வந்துட்டீக?"

வேல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அது எந்த அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை.

"பூட்டு வெளிய தொங்குது. நீங்க எப்படி உள்ள?" ராஜேஸ்வரி பல்லைக் கடித்தார்.

"கொல்லை வழியா."

"தட்டினது கேக்கலையா?"

"ஆறரைக்கு முந்தி யாரு வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன் மேடம்."

"பொய்ச் செய்தி பரப்பினதுக்கு இப்பவே ஒம்மத் தூக்கி உள்ள வைக்கலாம், தெரியுமா?"

"நாளைக்கு வையுங்க மேடம். இன்னைக்கு நான் செத்துட்டேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்காண்டி உள்ளே வந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். சிவந்த கண்கள் இப்போது வேறு விதமாகச் சிவந்தன.

"துஷ்டின்னு சொன்னாங்க. களையெடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடி வாரேன். நீ அப்பளம் தின்னுட்டு இருக்க."

"வந்துட்டேல்ல."

"எதுக்குவே இந்த நாடகம்?"

"ஆள் விட்டேன், வெரட்டுன. போன் போட்டேன், பிளாக் பண்ணுன. செத்தாத்தான் வருவேன்னு சத்தியம் பண்ணுன." அண்ணாச்சி அப்பளத்தை இலையில் வைத்தார். "செத்தேன்."

ஷாஹின் மூச்சை உள்ளிழுத்தாள். போஸ்டர் ஊருக்காகப் போடப்பட்டதே இல்லை. ஒரே ஒரு ஆளுக்காக!

"ஒனக்கும் எனக்கும் ஒரே ரத்தம்டா" என்றார் அண்ணாச்சி. "சும்மா சொல்லல, டெஸ்ட் பண்ணினது. நான் போன மாசம் குடுத்துட்டேன். இந்த மைதீன் வீட்டுக்காரிக்கு வேணும். நாளைக்கு ஆபரேஷன். கெணத்தப் பொறவு பேசிக்கலாம்."

மூக்காண்டி திரும்பி நடந்தார்.

வாசல்படி வரை போனார்.

அங்கே மைதீன் நின்றிருந்தார். அவர் கையைப் பிடிக்கவில்லை. காலிலும் விழவில்லை. வழியை மறிக்கவும் தெரியாமல், விடவும் தெரியாமல், சும்மா நின்றார்.

மூக்காண்டி அவரைப் பார்த்தார்.

பிறகு திரும்பி வந்தார். கையிலிருந்த மாலையை அண்ணன் கழுத்தில் போட்டார்.

"துஷ்டிக்கு வாங்குனத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. வச்சுக்கோ." மைதீனிடம் திரும்பினார். "எங்கனவே போய்ப் படுக்கணும்?"

மாலை ஆறரை. நெல்லையில் ரத்த வங்கி. மூக்காண்டி கட்டிலில் படுத்திருந்தார். குழாய் வழியே சிவப்பு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மைதீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேல்விழி செல்போனை நீட்டினாள்.

"சின்ன அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? பேஜ்ல போடணும்."

மூக்காண்டி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"போடு தாயி. அந்தக் கறுப்பு பார்டர மட்டும் மாத்திட்டுப் போடு. எங்க வீட்டுல இன்னைக்கு ஒருத்தன் செத்தது போதும்."