அவன் கழுத்தில் கிடந்த ரிமோட்

யாரும் எதையும் தொடவில்லை. ஆனாலும் படகின் முகப்பில் இருந்த மோட்டார் ‘பீப்’ என்றது. சொன்னது காதில் விழுந்தது என்று ஒரு வேலைக்காரன் தலையாட்டுவது போல, ஒரே ஒரு முறை.

“ஏதாவது அழுத்துனீங்களா அண்ணி?” பின் நாற்காலியிலிருந்து இவள் கேட்டாள்.

“என் கால் ரெண்டும் பெடல் மேலதான் இருக்கு. மூணாவது கால் முளைச்சா உனக்குச் சொல்லி அனுப்புறேன்.”

நாத்தனார் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். முகப்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரல் பக்கம் மிதித்தால் வலது, குதிகால் பக்கம் மிதித்தால் இடது என்று முணுமுணுத்துக்கொண்டே படகை ஓட்டினாள். பாதி நேரம் மாற்றி மிதித்தாள். அப்போதெல்லாம் ஏரியைத் திட்டினாள்.

இரண்டு நீளமான அலுமினிய உருளைகள், அவற்றின் மேல் ஒரு தளம், சுற்றிலும் கம்பி, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் படகு. தளத்துக்குக் கீழே, இரு உருளைகளுக்கும் நடுவில், தண்ணீருக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் காலியிடம் உண்டு. அலை அதற்குள் புகுந்து சளக் சளக் என்று வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வரும். மீன் பிடிக்கும் இடத்தில் நாக்கை அடக்க வேண்டும் என்பான் இவள் கணவன், நாத்தனாரின் தம்பி. இந்தப் படகுக்கு மட்டும் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்று சிரிப்பான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவன் தனியாகப் போனான். மறுநாள் காலையில் படகு ஏரியின் நடுவில், காற்று தள்ளியும் நகராமல், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ரிமோட்டில் ‘நில்’ பொத்தானை அழுத்திவிட்டால் மோட்டார் தானே திரும்பித் திரும்பி ஓடி, நங்கூரம் போட்டது போலப் படகைப் பிடித்து வைத்திருக்கும். படகு நின்றது. அவன் இல்லை. கயிற்றில் கோத்து அவன் எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும் ரிமோட்டும் இல்லை. முங்கித் தேடுகிறவர்கள் வந்து ஏரியின் அடிச்சேற்றைத் துழாவினார்கள். வெறுங்கையோடு போனார்கள்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது நாத்தனார் படகை எடுத்தாள். தம்பி எங்கேயோ கரை ஏறி, நினைவு தப்பிக் கிடக்கிறான் என்பது அவள் கட்சி. அவளைத் தனியே விட முடியாமல் இவளும் ஏறினாள். இன்றைக்குப் புறப்படும்போது மாமியார் வாசற்படியில் நின்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒருத்தனைத் தண்ணிக்குக் குடுத்தாச்சு. இவளையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு தாயி.”

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்த வாசல் விளக்கு இப்போது பின்னால், மூடுபனிக்குள், ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது.

“படகு ஒரு பக்கமா சாயுது பாருங்க. வேகமும் வரல.”

“வரும்போது நீ சாப்பிட்டியே, அந்தக் கனம்.”

“விளையாடாதீங்க அண்ணி. இந்த நாத்தம் வேற.”

நாற்றம் நேற்றே இருந்தது. முந்தாநாள் லேசாக. மீன் கழுவிய தண்ணீர் கீழே போவதற்கு அவனே தளத்தில் வட்டமாக அறுத்து, ரப்பர் மூடி போட்டு வைத்த ஓட்டையின் பக்கம்தான் அதிகம். புழு டப்பா கவிழ்ந்திருக்கும் என்று நாத்தனார் காலையில் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தாள். சோப்பு மணத்தின் அடியிலிருந்து அது இப்போது இனிப்பாக, தடிமனாக, ஈரத் துணியைப் போல முகத்தில் வந்து படிந்தது.

பீப்.

மோட்டாரின் தலையில் இருந்த அம்புக்குறி நகர்ந்தது. மெதுவாக, யோசித்து யோசித்து, கால் வட்டம் திரும்பியது. படகும் திரும்பியது.

நாத்தனார் பெடலிலிருந்து இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததுதான் பயமாக இருந்தது.

“அடியே. ரிமோட்டு. அவன்தான்டி!”

“அண்ணி...”

“படகுத்துறைக்காரர் என்ன சொன்னாரு? தண்ணிக்குள்ள இருந்தா அது வேலை செய்யாது, காத்துல இருந்தாத்தான் மோட்டாருக்குக் கேக்கும்னு சொன்னாரா இல்லையா? நீயும்தானே பக்கத்துல நின்ன? அப்போ அவன் தண்ணிக்குள்ள இல்லை!” அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “தம்பீ! எங்கடா இருக்கே? அக்கா வந்துட்டேன்டா!”

குரல் மூடுபனிக்குள் போனது. திரும்பி வரவில்லை.

படகு தன்பாட்டில் ஊர்ந்தது. கரையைப் பார்த்து அல்ல. அவனை விட்டுவிட்டு அது நின்றுகொண்டிருந்த அந்த நடு ஏரியைப் பார்த்து. அங்கே வந்ததும் மறுபடி ஒரு பீப். படகு நின்றது. மோட்டார் கொஞ்சம் ஓடியது, ஓய்ந்தது, ஓடியது. நில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

படகுத்துறைக்காரர் சொன்ன இன்னொன்று இவளுக்கு நினைவு வந்தது. கல்லெறி தூரம்தான் கேட்கும். அதற்கு மேல் கேட்காது.

இவள் நாலாபக்கமும் பார்த்தாள். கல்லெறி தூரத்தில் கரை இல்லை. திட்டு இல்லை. வேறு படகு இல்லை. தண்ணீர்தான், வெளுத்துப்போய், அசையாமல்.

“பக்கத்துலதான் இருக்கான்,” என்றாள் நாத்தனார். “ரொம்பப் பக்கத்துல.”

அப்போதுதான் இவள் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். கவனித்தாள் என்றால், அது இல்லாததை. வலது பக்கத்தில் சளக் சளக் கேட்டது. இடது பக்கத்தில் கேட்கவில்லை. அங்கே அலை புகுந்து எதிலோ மெத்தென்று மோதி அடங்கியது. படகு சாய்ந்திருந்த பக்கம். நாற்றம் வந்த பக்கம்.

அடியில் யாரும் பார்க்கவில்லை. ஏரி முழுக்கத் தேடினார்கள். படகின் அடியில் யாரும் பார்க்கவில்லை. தினமும் இதில் ஏறித்தான் அவனைத் தேடினார்கள்.

“அண்ணி, வீட்டுக்குப் போலாம். இப்பவே.”

“ஏன்டி குரல் நடுங்குது?”

“போலாம் அண்ணி. கெஞ்சிக் கேக்குறேன். அத்தை காத்துக்கிட்டு இருக்காங்க.”

டக்.

காலடியில். தளத்துக்குக் கீழே.

டக். டக்.

நாத்தனார் மண்டியிட்டாள். தடுப்பதற்குள் ரப்பர் மூடியைப் பிடுங்கி எடுத்தாள். நாற்றம் பொங்கி வந்தது. இவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போன் விளக்கை ஓட்டைக்குள் அடித்தாள்.

கயிறு. தளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் சிக்கி இறுகிய கழுத்துக் கயிறு. அதன் முனையில் ரிமோட், தண்ணீருக்கு மேலே. பச்சைப் புள்ளி. பொத்தானின் மேல் ஒரு கட்டைவிரல். ஊறி வெளுத்து, நகம் கழன்ற கட்டைவிரல்.

அலையில்தான் அசைகிறது. அலையில்தான்.

விரல் எழுந்தது. கொஞ்சம் யோசித்தது. அழுத்தியது.

பீப்.

இவள் பின்னுக்குப் பாய்ந்தாள். பேட்டரிப் பெட்டி. ஒயர். இரண்டு கையாலும் பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் அடங்கியது. ஏரி முழுவதும் அடங்கியது. துடுப்பு இருக்கிறது. துடுப்புப் போட்டே போய்விடலாம். விடிந்தாலும் பரவாயில்லை.

“அண்ணி, எந்திரிங்க. நான் துடுப்புப் போடுறேன்.”

நாத்தனார் குப்புறப் படுத்திருந்தாள். வலது கை தோள் வரைக்கும் ஓட்டைக்குள் இருந்தது. கன்னத்தைத் தளத்தில் வைத்து, தூங்க வைத்த குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

“பிடிச்சுக்கிட்டான்டி.”

“கையை எடுங்க அண்ணி.”

“குளிருதாடா உனக்கு? அக்கா இருக்கேன்ல.”

“கையை எடுங்க!”

நாத்தனார் இழுத்தாள். தோள் அசைந்தது. மறுபடி இழுத்தாள். முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்று, கண்கள் மட்டும் மெல்ல மாறின. சின்னப் பெண்ணைப் போல இவளைப் பார்த்தாள்.

“விட மாட்டேங்கிறான்டி.”

பீப்.

முகப்பில் அம்புக்குறி நகர்ந்தது. கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. மோட்டார் ஓடத் தொடங்கியது. பின்னால் மாமியாரின் வாசல் விளக்கு சிறுத்துக்கொண்டே போனது.

பிடுங்கிய பிளக் இன்னும் இவள் கையில் இருந்தது.