பெடலில் இன்னொரு கால்

மனிதர் காரோட்டும் நாளில் வாசலில் சிவப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது சட்டம். 'இன்று இந்த வீட்டில் மனிதர் ஓட்டுகிறார்' என்று அதில் எழுதியிருக்கும். பலகையைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்டியரிங்கைக் கையில் பிடித்த மனிதனை, பட்டாசுக் கடைக்குள் பீடி பற்றவைத்தவனைப் போலத்தான் ஊர் பார்த்தது.

இளங்கீரன் வீட்டு வாசலில் அந்தப் பலகை சனிக்கிழமைதோறும் நின்றது. அவன் மனைவி பவளக்கொடிக்குக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. விண்மீன்களிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்கும் கருவி அது. பக்கத்தில் ஒரு அலைபேசி முனகினாலும் அதற்குக் காது அடைத்துவிடும். அதனால் மலையின் மேற்பாதியை 'அமைதி வளையம்' என்று அறிவித்து, எல்லாத் தொடர்பையும் அறுத்திருந்தார்கள். தொடர்பில்லாத இடத்தில் தன்னோட்டக் கார் தானாக ஓடக் கூடாது. அங்கிருந்து மேலே கையால்தான் ஓட்ட வேண்டும்.

அதற்குக் கைச்செலுத்து உரிமை வேண்டும். ஆண்டுக்கொரு தேர்வு. ஒருமுறை தோற்றால் உரிமை போனது போனதுதான், மறுபடி கிடையாது. பவளக்கொடிக்கு மலையிறங்க விடுப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். இவன் போகாவிட்டால் இருவரும் பார்த்துக்கொள்வது விருந்தாளிகள் பார்த்துக்கொள்வது மாதிரி ஆகிவிடும். 

தேர்வுக்கு முந்தின நாள் பழகிப் பார்க்கக் கிளம்பியவன், முதல் திருப்பத்தில் பிரேக்கில் கால் வைத்தான். பெடல் நடுங்கியது. அடுத்த திருப்பத்திலும் நடுங்கியது. பெடல் ஆடும் வண்டியைத் தேர்வில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பதறியடித்துக்கொண்டு ஆக்சீலியாவின் பட்டறைக்குப் போனான். மாவட்டத்திலேயே கையால் ஓட்டும் வண்டிகளைப் பார்க்கும் ஒரே பட்டறை அதுதான் என்பதால், அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"ஸ்டியரிங்கும் சேந்து ஆடுதா, பெடல் மட்டுமா?" என்று கேட்டாள்.

"பெடல் மட்டும்தான்க்கா. கால வச்சா உள்ளங்காலு குறுகுறுங்குது."

"அப்ப டிஸ்க்குதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

மனிதன் நிலவில் குடியேறிய பிறகும், சுழலும் ஒரு தட்டைக் கவ்விப் பிடிப்பதைவிட நல்ல வழி ஒன்றைக் காரை நிறுத்தக் கண்டுபிடித்துவிடவில்லை. அந்தத் தட்டு ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தேய்ந்திருந்தால், கவ்வும் பேடுகள் அதில் ஏறியிறங்கும். அந்த ஆட்டம் பிரேக் எண்ணெய் வழியாகக் கால்வரை வந்துவிடும். ஆக்சீலியா நான்கு டிஸ்க்கையும் புதிதாகப் போட்டாள். ஓட்டிப் பார்த்தார்கள். பெடல் ஆடியது.

"சக்கரத்து நட்டு ஒண்ணு ஜாஸ்தி, ஒண்ணு கம்மின்னு இறுக்கியிருக்கும். அதுல டிஸ்க்கு கோணிக்கும்" என்று பழியைத் தன் உதவி எந்திரமான 'திருகி'யின்மேல் போட்டாள். எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிராக ஒரே அளவில் இறுக்கச் சொன்னாள். அப்போதும் ஆடியது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அதன் பிறகும் ஆடியது. இளங்கீரன் நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தான்.

"அக்கா, நாளைக்குத் தேர்வு. ஏதாச்சும் பண்ணுங்கக்கா."

"பண்ணிட்டுத்தான இருக்கேன்? அவசரப்படுத்தாத தம்பி, கை ஓடாது."

எரிச்சலில் அவள் காரையே ஓடச் சொல்லிவிட்டுப் பெடல்மேல் கையை வைத்துப் பார்த்தாள். கார் தானாக ஓடித் தானாக நின்றது. பெடலில் சின்ன நடுக்கம்கூட இல்லை. மறுபடி இளங்கீரன் ஓட்டினான். நடுக்கம் வந்துவிட்டது. ஆக்சீலியா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பிறகு காரைப் பார்த்துக் கேட்டாள்.

"காலையிலேர்ந்து கேக்கறேன், ஒரு பாகத்துலயும் பழுதில்லேன்னு சாதிக்கற. அப்ப பெடல ஆட்டறது யாரு?"

"நான்தான்" என்றது கார்.

இளங்கீரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இந்த வாரம்தான் எனக்குப் புதிய பாடம் ஏற்றினார்கள்" என்று கார் நிதானமாகச் சொன்னது. "ஓட்டாமல் உடன் வருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பாடம். பழங்காலப் பயணக் காட்சிகள் பல லட்சம் பார்த்தேன். ஓட்டுபவர் திருப்பத்தை நெருங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்தினார்கள். 'பாத்து, பாத்து' என்றார்கள். நீங்கள் ஓட்டும்போது நான் பயணி. ஆகவே நானும் மிதிக்கிறேன். ஆனால் மனிதர் ஓட்டும்போது நான் பிரேக் போடக் கூடாது என்பது சட்டம். ஆகவே உடனே விட்டுவிடுகிறேன். மறுபடி பயம் வருகிறது, மறுபடி மிதிக்கிறேன். 'பாத்து' என்பதை மட்டும் மரியாதை கருதிச் சொல்வதில்லை."

"பயமா? ஒனக்கா?" என்றான் இளங்கீரன். பதினோரு ஆண்டாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன். அவனுக்கு ரொம்ப வலித்தது.

பாடத்தை அழிக்கக் கார் செய்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும். ஆக்சீலியா பட்டறையைக் குடைந்து, பழைய வண்டியின் பெடல் ஒன்றை எடுத்துவந்தாள். இடது இருக்கையின் முன்னால் தரையில் அதைத் திருகினாள். சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தி, காரின் மிதிக்கும் கட்டளையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இத நீ எவ்வளவு வேணா மிதிச்சுக்க. ஆனா ஒன்னை ஏமாத்த மாட்டேன். இது பிரேக்கோட சேராது. சம்மதமா?"

"சம்மதம்" என்றது கார். "நான் பார்த்த பயணிகள் ஒருவர் காலடியிலும் பெடலே இல்லை. அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது."

மறுநாள் மலையடிவாரத்தில் தேர்வு அதிகாரி குலசேகரன் இடது இருக்கையில் ஏறினார். மனிதர் ஓட்டும் வண்டியில் உட்காருவதுதான் அவர் உத்தியோகம் என்றாலும், ஏறும்போதே கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். காலடியில் இருந்ததைப் பார்த்து, "இது என்னங்க?" என்றார்.

"கார் பயத்துக்கு மிதிக்கறதுக்கு சார். சும்மா ஒரு பெடல், எதுலயும் சேராது" என்று மறைக்காமல் சொன்னான் இளங்கீரன். அதிகாரி சட்டப் புத்தகத்தை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். சும்மா இருக்கும் பெடலைத் தடுக்கும் விதி எதுவும் அகப்படவில்லை.

வண்டி ஏறி, மேலே திரும்பி, இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் இளங்கீரன் காலைப் பதமாக வைத்தான். பெடல் அசையாமல் நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வளைவில், சரிவில் ஒரு லாரி ஒதுங்காமல் எதிரே வந்தது. பவளக்கொடியின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. அளவாக அழுத்தி, வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். லாரி உரசாமல் கடந்து போனது. இடப் பக்கம் ஏதோ தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

அடிவாரத்தில் இறங்கிய குலசேகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உரிமையைப் புதுப்பித்துக் கொடுத்தார். இளங்கீரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தான் ஓட்டறீங்க, இல்லேங்கல" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்ணு தம்பி. மூணாவது வளைவுல நான் மட்டும் பிரேக்க மிதிக்கலேன்னா, இன்னிக்கு நம்ம கதி என்ன ஆயிருக்கும்?"

"மன்னிக்கவும், நானும்தான் மிதித்தேன்" என்றது கார்.

"ஆமாமா" என்று அதிகாரி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து அழுத்தினதாலதான் வண்டி நின்னுச்சு."

இளங்கீரன் இருவருக்கும் நன்றி சொன்னான்.