கரண்டிகளுக்கு அடியில் ஒரு சாவி

தன் காரின் சக்கரமே தன்னை முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலை எட்டேகாலுக்கு வாய்த்தது. மேம்பாலம் இறங்கும் வளைவில் முன்பக்க இடது சக்கரம் கழன்றது. அது சாலையைக் கடந்து, செடி விற்கும் கடைக்குள் புகுந்து, வரிசையாக இருந்த தொட்டிகளை உடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கார் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. ஆளுக்கு இடுப்பெலும்பு முறிவு. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

சாலையில் சிதறிக் கிடந்த நட்டுகளைக் கான்ஸ்டபிள் பொறுக்கினார். மூன்று கிடைத்தன. உடையவில்லை, நசுங்கவில்லை. முழுசாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தன.

"கழண்டிருக்கு மேடம். யாரோ லூஸ் பண்ணி விட்டிருக்காங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் நட்டுகளை உறையில் போடச் சொன்னாள். ஸ்டேஷனில் அவளுக்கு 'ஆமை' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். ஒரு கேஸை நாலு நாளில் முடிக்கிறவர்கள் அதே கேஸை அடுத்த வருஷம் மறுபடி திறப்பதைப் பார்த்துப் பார்த்து, வேகத்தின் மேல் இருந்த மரியாதை அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

மதியம் மெக்கானிக்கின் அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். இடுப்பில் பேரன், கையில் கைக்குட்டையில் பொதிந்த ஒரு சாமான். பிரித்தால், கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமனான கறுப்பு இரும்புக் குழல். உள்ளே வரிவரியாகப் பல்.

"இதுதான் அந்த நட்டைக் கழட்டற சாவி. இது இல்லாம எவனும் என் வீலைத் தொட முடியாதும்மான்னு என் பையன் காட்டிக் காட்டிப் பெருமை பேசுவான். வீல்ல குழி ரொம்பச் சின்னதாம், சாதா ஸ்பேனர் உள்ளயே போகாதாம்."

"எங்க கிடைச்சுது?"

"சமையல் ரூம் டிராயர்ல. கரண்டிக்கெல்லாம் அடியில. குழந்தைக்கு ஸ்பூன் தேடினேன், கையில தட்டுச்சு."

"அங்க யார் வச்சது?"

"வேற யாரு? என் மருமக. நேத்து அவ போட்ட சத்தம் மாடியில எனக்கே கேட்டுச்சு. இந்தக் காரைத் துண்டு துண்டா கழட்டிப் போடறேன்னு கத்தினா. சொன்னபடி செஞ்சுட்டா."

"காலைலேருந்து வீட்டுக்கு வேற யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப் போறா. ஜிகினா மட்டும் வந்தான், ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கும் மாத்துத் துணியும் எடுக்க. என் பையனோட சிநேகிதன். கார் அலங்காரச் சாமான் கடை வச்சிருக்கான். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி." குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இவனை அவ கையில குடுக்க மாட்டேன். புருஷனையே கொல்லத் துணிஞ்சவ. நீங்க அவளை உள்ள வைக்கிற வரைக்கும் இவன் என்கிட்டதான் இருப்பான்."

குழந்தை இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்துக் கை நீட்டியது. அவள் தொப்பியைக் கழற்றிக் குழந்தைக்கு எட்டும்படி மேஜை மேல் வைத்தாள்.

மருமகள் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். ஆஸ்பத்திரி வராந்தாவில், யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடத் தயாராக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சண்டையா?"

"ஆமா."

"எதுக்கு?"

"பின் சீட்டைக் கழட்டிட்டார் மேடம். வண்டி எடை குறையணுமாம். குழந்தையை நான் எங்க உட்கார வைக்கிறது? டிக்கியிலயா?"

"காரைக் கழட்டிப் போடறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். மாசத்துக்கு ஒரு தடவை சொல்லுவேன். ஜிகினா அண்ணன் எதிர்லயே சொல்லியிருக்கேன்."

"சாவி எப்படிக் கரண்டிக்கு அடியில வந்துது?"

"சத்தியமா தெரியாது. அதை நான் தொட்டதுகூட இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு மூணு நாளா ஸ்டியரிங் நடுங்குதுன்னு சொல்லிட்டே இருந்தார். ஜிகினா அண்ணனுக்குப் போன் பண்ணினார். அது வீல் பேலன்ஸ் பிரச்சினைதான், ஞாயித்துக்கிழமை கொண்டு வான்னு அவர் சொன்னாராம். இதை அத்தைகிட்ட சொன்னா, கதை கட்டறேன்னு சொல்றாங்க."

"வீலை மாட்டினது யாரு?"

"ஜிகினா அண்ணன்தான். அவர் கடையிலதான் வீல் வாங்கினது, நட் வாங்கினது எல்லாம்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மேடம், என் பிள்ளையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"மத்ததை முதல்ல பேசிடலாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். அவள் இவளையும் முழுசாக நம்பவில்லை. நம்புவது அவள் உத்தியோகத்தில் சேர்த்தி இல்லை.

ஸ்டேஷன் முற்றத்தில் கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இன்ஸ்பெக்டர் முதலில் காரைத் தொடவில்லை. சாவியை வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். பற்கள் அத்தனையும் கறுகறுவென்று பூச்சு உரியாமல் இருந்தன.

"போட்டோ எடுங்க. உள்பக்கம் நல்லாத் தெரியற மாதிரி."

எடுத்தார் கான்ஸ்டபிள். பிறகு சாவியைப் பின் சக்கரத்தில் ஒரு நட்டின் மேல் செருகி, ஸ்பேனரைப் போட்டு அழுத்தச் சொன்னாள். தொந்தி குலுங்க அழுத்தினார். கிறீச்சென்று நட்டு அசைந்தது. சாவியை உருவிப் பார்த்தால், கறுப்புப் பல்லில் வெள்ளிக் கோடுகள்.

"இன்னொரு போட்டோ."

அடுத்து முன்பக்க வலது சக்கரம். கழன்று விழாத சக்கரம் என்பதால் அதுவரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைச் செருகினாள். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் திருகினாலே சுழன்றது.

"அடப்பாவி, ரெண்டு பக்கமும் லூஸ் பண்ணியிருக்கா" என்றார் கான்ஸ்டபிள்.

"அவசரப்படாதீங்க."

பின் சக்கரத்து நட்டு ஒன்று, முன்பக்க வலது சக்கரத்து நட்டு ஒன்று, சாலையில் கிடைத்தவை. எல்லாவற்றையும் காரின் கூரை மேல் வரிசையாக நிறுத்தினாள். ஒரே உயரம், ஒரே கறுப்பு, தலையில் ஒரே வரிகள். ஒரு தாய் பிள்ளைகள். பிறகு ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து அடிப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பின் சக்கரத்து நட்டின் அடி, கூம்பு மாதிரி நேராகச் சரிந்தது. மற்றவை உருண்டையாக, பந்தை வெட்டி வைத்த மாதிரி இருந்தன. சக்கரத்தின் குழிகளை டார்ச் அடித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் எல்லாக் குழியும் புனல் மாதிரி நேர்ச் சரிவு. முன் சக்கரக் குழிகளில் மட்டும் மெல்லிய ஒரு வளையம் தேய்ந்து மின்னியது.

டேஷ்போர்டு அறையைத் திறந்தாள். காகிதங்கள், ஒரு துணி, மூக்குக்கண்ணாடிக் கூடு. கூட்டைக் கையில் எடுத்தாள். கண்ணாடி வைத்த கூடு இவ்வளவு கனக்காது. திறந்து பார்த்து, மூடி, சாட்சிப் பையில் போட்டாள். கான்ஸ்டபிள் எட்டிப் பார்ப்பதற்குள் பையின் வாயை ஒட்டிவிட்டாள்.

நாலு மணிக்குக் காக்கியைக் கழற்றிவிட்டு, சாதாரணப் புடவையில் ஜிகினாவின் கடைக்குப் போனாள். கடை பூராவும் மின்னியது. ஸ்டியரிங் உறை, கலர் விளக்கு, வாசனைப் புட்டி. கடைக்காரன் சட்டைப் பொத்தான்கூடப் பளபளத்தது. பெயர் வைத்தவன் தப்பாக வைக்கவில்லை.

"எங்க அக்கா பையன் அலாய் வீல் மாட்டியிருக்கான். குழி சின்னது. ஒல்லியா நட் வேணுமாம்."

"எந்த வண்டிக்கா?"

மெக்கானிக்கின் காரையே சொன்னாள்.

அவன் கண்ணில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் வியாபாரி ஆயிற்றே, வாய் தானாகத் திறந்துகொண்டது. "கலரைப் பார்த்து வாங்கிடாதீங்கக்கா. முதல்ல மரை பொருந்தணும். அடுத்து நீளம், போல்ட்டை முழுசாப் பிடிக்கணும். எல்லாத்தையும்விட முக்கியம் அடிப்பக்கம். கம்பெனி வீலுக்கு உருண்டை அடி. வெளியில வாங்கற இந்த மாதிரி வீலுக்குக் கூம்பு அடி. மாத்திப் போட்டா எவ்வளவு முறுக்கினாலும் நிக்காது. ஓட ஓடத் தானா லூஸாகும்."

"அப்ப கூம்புல ஒரு செட் குடுங்க."

"ஸ்டாக் இல்லக்கா. இருந்ததே பாதி செட்தான், அதுவும் போன வாரம் போயிடுச்சு."

"மேல் தட்டுல ஒரு பெட்டி இருக்கே."

"அது உருண்டைக்கா. உங்களுக்கு ஆகாது."

"தலை எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துக்கறேன்."

மனசில்லாமல் இறக்கினான். திறந்தால், நட்டுகளுக்கான பள்ளங்களில் பாதி காலி. ஓரத்தில் சாவிக்கான பள்ளமும் காலி.

"சாவி காணோமே."

"எங்கயாவது விழுந்திருக்கும்" என்று மூடினான். பெட்டியைத் தட்டின் கடைசிவரை தள்ளி வைத்தான்.

மாலை, ஆஸ்பத்திரி அறை. மெக்கானிக்குக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, மடியில் குழந்தை. இன்னொரு பக்கம் ஜிகினா, நண்பனின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான். மனைவி கதவோரம் நின்றாள். உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் காக்கியில் நுழைந்தாள், பின்னால் கான்ஸ்டபிள். ஜிகினாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கு உங்க மனைவி மேல சந்தேகம் இருக்கா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. "தெரியல மேடம்" என்றான்.

"சரி. நட்டைக் கழட்டற சாவியை எங்க வச்சிருப்பீங்க?"

"கார்லதான். டேஷ்போர்டுல, பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள."

சாட்சிப் பையைக் கட்டிலின் மேல் வைத்தாள். கூட்டுக்குள் சாவி. பல்லெல்லாம் பூச்சு போய் வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் அம்மா கொண்டுவந்த சாவியின் போட்டோவை வைத்தாள்.

"வேலை செஞ்ச சாவி இது. கரண்டிக்கு அடியில கிடைச்சது, அதுவரைக்கும் ஒரு நட்டைக்கூடத் தொடாத சாவி. ஒரு நட்டைக் கழட்டினதுக்கே பல்லுல கோடு விழுது. அப்ப அதை வச்சு யாரும் எதையும் லூஸ் பண்ணல."

"பின்ன சக்கரம் எப்படிக் கழண்டுச்சு?" என்றாள் அம்மா. குரலில் பாதி பலம் போயிருந்தது.

"தானாக் கழண்டுச்சு. பின் சக்கரத்துக்குப் போட்டது கூம்பு நட். முன் சக்கரம் ரெண்டுக்கும் போட்டது உருண்டை நட். நேர்ச் சரிவா இருக்கற குழியில உருண்டை முழுசாப் பதியாது, ஒரு நூல் வளையத்துலதான் நிக்கும். தலை ரெண்டுக்கும் ஒரே மாதிரி. எல்லாரும் தலையைத்தான் பார்த்தோம், அடியை யாரும் பார்க்கல. ஸ்டியரிங் நடுங்கினது அதனாலதான்." ஜிகினாவின் பக்கம் திரும்பினாள். "கூம்பு பாதி செட்தான் இருந்துது. மீதிக்கு உருண்டையைப் போட்டு அனுப்பினீங்க. செட்டுக்கு ஒரு சாவி வரும். அந்தப் பெட்டியில நட் பாதி காலி, சாவியும் காலி. காலைல ஃபிளாஸ்க் எடுக்கப் போனப்ப அந்தச் சாவியைத்தான் டிராயர்ல போட்டீங்க. இவங்க போட்ட சண்டை உங்களுக்கும் தெரியும்."

ஜிகினா மெக்கானிக்கைத்தான் பார்த்தான். "போன ஞாயித்துக்கிழமை காரைக் காட்டற கூட்டத்துக்கு எப்படியாவது மாட்டிக் குடுன்னு நீதானே உயிரை எடுத்தே மாப்ள. ஸ்டாக் வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன். நடுங்குதுன்னு நீ சொன்ன அன்னிக்கே வரச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். கடை போயிடும், உன் முகத்துல முழிக்க முடியாதுன்னு பயந்துட்டேன்."

"அதுக்கு என் பொண்டாட்டியைப் பிடிச்சுக் குடுப்பியாடா?"

கான்ஸ்டபிள் ஜிகினாவின் தோளில் கை வைத்தார். அவன் எழுந்து போனான். மாமியாரே எழுந்து வந்து குழந்தையை நீட்டினாள். மருமகள் வாங்கி, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

"ஜிகினா மேல புகார் எழுதிக் குடுங்கம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். "உங்களை மாட்டி விட்டதுக்கு அது தனிக் கேஸ்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதித் தர்றேன் மேடம். ஆனா அவர் டிராயர்ல சாவியை மட்டும்தான் வச்சார்." கட்டிலின் பக்கம் திரும்பினாள். "அது நான்தான்னு முடிவு பண்ணினது நீங்க ரெண்டு பேரும்."

மெக்கானிக் எழுந்து உட்காரப் பார்த்தான். இடுப்பு விடவில்லை.

"குழந்தைக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். இன்ஸ்பெக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.